அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார், எதைப் பார்த்து?

2024 ஜூலை 15 அன்று, மில்வாக்கி நகரில் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு தொடங்கிய அதே நாளில், ஒஹாயோ செனட்டர் ஜே.டி. வான்ஸ் தம்முடைய துணை அதிபர் வேட்பாளர் என்று டொனால்ட் டிரம்ப் அறிவித்தார். ஆகஸ்ட் 6 அன்று கமலா ஹாரிஸ், மினசோட்டா மாநில ஆளுநர் டிம் வால்ஸின் பெயரை அறிவித்தார். அந்த ஆண்டின் முதற்பாதியில் மாநிலம் மாநிலமாக நடந்த, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல்களில் இவ்விருவரும் போட்டியிடவே இல்லை. ஆயினும் அவர்களில் ஒருவர் அடுத்த ஜனவரியில் நாட்டின் இரண்டாவது உயர்ந்த பதவியில் அமரப்போகிறார் என்பது அந்த அறிவிப்புகளோடு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதிபர் வேட்பாளராவதற்கு மாதக்கணக்கில் மக்களிடம் வாக்குக் கேட்டு அலைய வேண்டிய ஒரு நாட்டில், துணை அதிபர் வேட்பாளர் மட்டும் எப்படி ஒரே மனிதரின் விருப்பத்தால் நியமிக்கப்படுகிறார் என்று பல வாசகர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பே.

தேர்தல் நேரத்து விவாதங்களில் இந்தத் தேர்வு பெரும்பாலும் வாக்குக் கணக்காகவே பேசப்படுகிறது: எந்த மாநிலத்துக்கு யார், எந்தச் சமூகத்துக்கு யார் என்று. அந்தக் கணக்கை வேட்பாளர்களும் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் 200 ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், அந்தக் கணக்கு கொண்டுவந்த வாக்குகள் குறைவு என்பதும், அது நாட்டின் தலையில் ஏற்றிய விளைவுகள் மிகப் பெரியவை என்பதும் தெளிவாகத் தெரிகிறது. அதை விளங்கிக்கொள்ள, பதவியின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலை குறைவு, வாரிசுரிமை முழுமை

அமெரிக்க அரசியல் சாசனம் துணை அதிபருக்கு நேரடியாகக் கொடுத்திருக்கும் பணிகள் மிகச் சில. அவர் செனட் சபையின் தலைவர். ஆனால் இரு தரப்பும் சம வாக்குகள் பெற்றால் மட்டுமே அவர் வாக்களிக்கலாம். கமலா ஹாரிஸ் தம் நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி வாக்களித்து, 19ஆம் நூற்றாண்டில் ஜான் சி. கால்ஹவுன் அளித்த 31 வாக்குகள் என்ற பழைய கணக்கைத் தாண்டினார். அதிபர் தேர்தலின் அதிகாரபூர்வ வாக்குச் சான்றுகளைக் கூட்டு அமர்வில் திறப்பதும் அவர் வேலை. இவற்றைத் தவிர, அதிபர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான். முதல் துணை அதிபரான ஜான் ஆடம்ஸ், மனிதன் கண்டுபிடித்த பதவிகளிலேயே இதைவிட அற்பமானது இல்லை என்ற பொருளில் 1793இல் தம் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதிபர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ அந்த அற்பமான பதவியில் இருப்பவர் முழு அதிபராகிறார். இந்தியக் குடியரசுத் துணைத் தலைவரை மனத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் நேர்கிறது. இந்தியாவில் துணைத் தலைவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969இல் ஜாகிர் உசேன் காலமானபோது வி.வி. கிரி பொறுப்பேற்றதுபோல, ஆறு மாதத்துக்குள் புதிய தேர்தல் நடக்கும்வரைதான் அவர் அந்த இடத்தைக் கவனிப்பார். அமெரிக்காவில் இடைத்தேர்தல் என்பதே கிடையாது. மீதமிருக்கும் பதவிக்காலம் முழுவதும், அது நான்கு ஆண்டுக்கு ஒரு மாதம்தான் குறைவாக இருந்தாலும், துணை அதிபருக்கே சொந்தம். 1841இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற 31ஆம் நாள் இறந்தபோது ஜான் டைலருக்கு அப்படித்தான் வாய்த்தது.

இதுவரை துணை அதிபர்களாக இருந்தவர்கள், இப்போதைய வான்ஸையும் சேர்த்து, 50 பேர். அவர்களில் 15 பேர் பின்னர் அதிபரானார்கள். அந்த 15 பேரில் 9 பேர் நாற்காலி நடுவில் காலியானதால் முதன்முதலில் அதிபரானவர்கள்: 8 பேர் அதிபரின் மரணத்தால், ஒருவர் அதிபரின் பதவி விலகலால். ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம் இது. இதைச் சிறிய வாய்ப்பு என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவு பெரிய வாரிசுரிமைக்குச் சட்டம் கேட்கும் தகுதிகள் மூன்றுதான்: பிறப்பால் அமெரிக்கக் குடியுரிமை, 35 வயது, நாட்டில் 14 ஆண்டு வசிப்பு. மற்ற எல்லாவற்றையும் அது தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

'இணை' என்ற ஏற்பாடு எப்படி வந்தது

1787இல் எழுதப்பட்ட மூல விதியில் துணை அதிபர் வேட்பாளர் என்று ஒருவரே இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எலக்டோரல் காலேஜ் எனப்படும் தேர்வாளர் குழுவிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பெயர்களுக்கு வாக்களிப்பார். எது எந்தப் பதவிக்கு என்று குறிக்க மாட்டார். பெரும்பான்மையோடு முதலிடம் பெறுபவர் அதிபர். அடுத்த இடம் பெறுபவர் துணை அதிபர்.

கட்சிகள் உருவான உடனே இந்த ஏற்பாடு உடைந்தது. 1796இல் 71 வாக்குகள் பெற்ற ஜான் ஆடம்ஸ் அதிபராக, 68 வாக்குகள் பெற்ற அவருடைய அரசியல் எதிரி தாமஸ் ஜெஃபர்சன் துணை அதிபரானார். தோற்ற வேட்பாளரே வென்றவருக்கு வாரிசாக அமர்ந்தார். 1800இல் அதற்கு நேர்மாறான சிக்கல் எழுந்தது. ஜெஃபர்சனும் அவருடைய சொந்தக் கட்சிக்காரர் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றார்கள். ஜெஃபர்சன் அதிபர், பர் துணை அதிபர் என்பதே கட்சியின் எண்ணம். ஆனால் வாக்குச்சீட்டில் அதைக் குறிக்க வழி இல்லாததால் விவகாரம் பிரதிநிதிகள் சபைக்குப் போய், 1801 பிப்ரவரியில் 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே ஜெஃபர்சன் தேர்வானார்.

அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் 1804இல் நடைமுறைக்கு வந்த 12ஆவது திருத்தம். இரண்டு பதவிகளுக்கும் தேர்வாளர்கள் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும் என்று அது வகுத்தது. அதிபராகத் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் முடியாது என்ற விதியும் அதில்தான் இருக்கிறது. கட்சிகள் இருவரை ஓர் இணையாக நிறுத்தும் வழக்கம் இதன் மேல் எழுந்தது. இன்று வாக்காளர் அந்த இணைக்குத்தான் வாக்களிக்கிறார். ஒரு கட்சியின் அதிபரையும் இன்னொரு கட்சியின் துணை அதிபரையும் கலந்து தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வாளர்கள் நினைத்தால் இணையைப் பிரிக்கலாம் என்பதும் உண்மை: 1836இல் வர்ஜீனியாவின் 23 தேர்வாளர்கள் ரிச்சர்ட் மென்டர் ஜான்சனுக்கு வாக்களிக்க மறுத்ததால், அவரைச் செனட் சபை தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை.

கட்சித் தலைகளிடமிருந்து வேட்பாளரின் கைக்கு

19ஆம் நூற்றாண்டு முழுவதும் அதிபர் வேட்பாளருக்கு இந்தத் தேர்வில் பெரிய பங்கு இருந்ததில்லை. மாநாட்டு மண்டபத்தில் கட்சியின் மாநிலத் தலைகள் கூடிப் பேரம் பேசி முடிவு செய்வார்கள். தோற்ற அணியைச் சமாதானப்படுத்தும் பரிசாகவோ, தொல்லை தருபவரை ஓரங்கட்டும் இடமாகவோ இந்தப் பதவி பயன்பட்டது. 1900இல் நியூயார்க் ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பெருநிறுவனங்களோடு மோதிக்கொண்டிருந்தார். அவரை மாநிலத்தை விட்டு அனுப்பினால் போதும் என்று நினைத்த கட்சித் தலைவர் தாமஸ் பிளாட், துணை அதிபர் பதவிக்கு அவரைத் தள்ளிவிட்டார். 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் சுடப்பட்ட அதிபர் மெக்கின்லி எட்டு நாளில் இறக்க, ஓரங்கட்டப்பட்டவர் 42 வயதில் வெள்ளை மாளிகையில் இருந்தார்.

இந்த வழக்கத்தை மாற்றியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1940இல் ஹென்றி வாலஸ் கிடைக்காவிட்டால் தாமே வேட்பாளராக நிற்கப்போவதில்லை என்று அவர் மாநாட்டை நெருக்கினார். ஆனால் 1944இல் அதே வாலஸைக் கட்சித் தலைவர்கள் ஏற்க மறுத்து, ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தபோது அவர் இணங்கிப் போனார். 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன் முடிவை மாநாட்டிடமே விட்டுவிட, எஸ்டஸ் கெஃபாவர் இளம் ஜான் கென்னடியை வென்று துணை வேட்பாளரானார். அதன் பிறகு எந்தப் பெரிய கட்சி வேட்பாளரும் அந்தத் தேர்வை மாநாட்டின் கையில் கொடுக்கவில்லை. மாநாடு இன்றும் முறைப்படி ஒப்புதல் தருகிறது. மறுக்கும் அதிகாரம் காகிதத்தில் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

என்னென்ன கணக்குகள்

1. *மாநிலம்.* இதுதான் எல்லோரும் அறிந்த கணக்கு. மொத்தம் 538 தேர்வாளர்களில் 270 பேரைப் பெற வேண்டும் என்பதால், ஒரு பெரிய மாநிலத்தைக் கொண்டுவரக்கூடியவர் கவர்ச்சியானவர். 1960இல் மாசசூசெட்ஸ்காரரான கென்னடி, டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸின் 24 தேர்வாளர்களைச் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

2. *கட்சியின் மறுபாதி.* பிரைமரியில் மோதிய ஜார்ஜ் புஷ்ஷை 1980இல் ரீகன் சேர்த்துக்கொண்டது, கட்சியின் மிதவாதிகளைத் தக்கவைக்க. 2016இல் டிரம்ப், இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸைத் தேர்ந்தெடுத்தது, தம்மை ஐயத்தோடு பார்த்த கிறிஸ்தவ சமயப் பற்றாளர்களுக்கு நம்பிக்கை தர.

3. *வேட்பாளரிடம் இல்லாதது.* 2008இல் செனட்டில் முதல் தவணையில் இருந்த பராக் ஒபாமா, 1973 முதல் அங்கே இருந்த ஜோ பைடனைச் சேர்த்துக்கொண்டார். அனுபவத்தின் குறையை அனுபவத்தால் நிரப்பும் வழி இது.

4. *இதுவரை வாய்ப்புப் பெறாதவர்கள்.* 1984இல் ஜெரால்டின் ஃபெராரோ ஒரு பெரிய கட்சியின் முதல் பெண் துணை வேட்பாளரானார். 2020 மார்ச்சில் நடந்த விவாதத்தில், ஒரு பெண்ணையே துணை வேட்பாளராக நிறுத்துவேன் என்று பைடன் வாக்குறுதி தந்து, ஆகஸ்ட் 11 அன்று கமலா ஹாரிஸை அறிவித்தார். ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள துளசேந்திரபுரம். வேட்புமனுவை ஏற்றுப் பேசியபோது, குடும்பம் என்று தாம் சொல்வதில் தம் 'சித்தி'களும் அடங்குவர் என்று அந்தச் சொல்லையே அவர் பயன்படுத்தியதும், துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காக வழிபாடு நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

5. *குறையை நிரப்பாமல் இருப்பதையே அழுத்திச் சொல்வது.* 1992இல் தெற்கத்தியரான பில் கிளின்டன், பக்கத்து மாநிலமான டென்னசியைச் சேர்ந்த, ஏறக்குறைய தம் வயதுடைய அல் கோரைத் தேர்ந்தெடுத்தார். சமன்படுத்தும் கணக்கு எதுவும் அதில் இல்லை. புதிய தலைமுறை என்ற ஒரே செய்தியை இரட்டிப்பாகச் சொன்னார். 2024இல் 78 வயது டிரம்ப் 39 வயது வான்ஸைச் சேர்த்ததும் வயதைத் தவிர மற்றவற்றில் இந்த வகைதான்.

இவற்றோடு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அதிபர், துணை அதிபர் ஆகிய இருவருக்கும் தம் சொந்த மாநிலத்தவரையே தேர்ந்தெடுக்கக் கூடாது. இரு வேட்பாளர்களும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது என்று இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். தடை வேட்பாளருக்கு இல்லை; அந்த மாநிலத்தின் தேர்வாளர்களுக்கு மட்டுமே. ஆனால் பெரிய மாநிலமாக இருந்தால் விளைவு ஒன்றுதான். 2000இல் டெக்சாஸ் ஆளுநரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ், துணை வேட்பாளரைத் தேடித்தரும் பொறுப்பை டிக் செனியிடம் ஒப்படைத்தார். தேடலின் முடிவில் செனியே வேட்பாளரானார். அவர் அப்போது டெக்சாஸின் டாலஸில் வசித்தார். ஆகவே, அறிவிப்புக்குச் சில நாள் முன்னால், தாம் முன்பு பிரதிநிதியாக இருந்த வயோமிங் மாநிலத்துக்குப் போய்த் தம் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டார். அந்தத் தேர்தலில் புஷ்ஷுக்குக் கிடைத்தது 271. அதில் டெக்சாஸ் 32. அந்தப் பதிவு மாற்றம் இல்லாமல் டெக்சாஸ் தேர்வாளர்கள் செனிக்கு வாக்களிக்க முடியாமல் போயிருந்தால், துணை அதிபர் யார் என்பது செனட் சபையின் முடிவுக்குப் போயிருக்கும். 2024இல் டிரம்பின் பட்டியலில் இருந்த மார்க்கோ ரூபியோவுக்கும் இதே தடை குறுக்கே நின்றது: இருவரும் 30 தேர்வாளர்கள் கொண்ட புளோரிடாவாசிகள்.

1972: பதினெட்டு நாள் வேட்பாளர்

ஒரே மனிதர், குறைந்த நேரத்தில், ரகசியமாக முடிவெடுக்கும் முறையின் ஆபத்து என்ன என்பதை 1972 ஜூலையில் ஜனநாயகக் கட்சி பார்த்தது. மயாமி கடற்கரையில் நடந்த மாநாட்டில் ஜார்ஜ் மெக்கவர்ன் தம் வேட்புமனுவுக்காக இறுதிவரை போராடிக்கொண்டிருந்தார். துணை வேட்பாளரைப் பற்றி நிதானமாக யோசிக்க அவருக்கு நேரமில்லை. எட்வர்ட் கென்னடி சேர்ந்துகொள்வார் என்று நம்பியிருந்தார்; அவர் மறுத்தார். கேட்கப்பட்ட வேறு சிலரும் மறுத்தார்கள். ஜூலை 13 அன்று பிற்பகல், பெயர் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிய நிலையில், மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குத் தொலைபேசி அழைப்பு போனது. மறைக்க வேண்டிய பழைய விஷயம் ஏதேனும் உண்டா என்று மெக்கவர்னின் உதவியாளர் கேட்டார். இல்லை என்று ஈகிள்டன் சொன்னார். ஆய்வு அத்துடன் முடிந்தது. அன்றிரவு மாநாட்டுப் பிரதிநிதிகள் விதவிதமான பெயர்களுக்கு வாக்களித்துப் பொழுதைக் கடத்தியதில், மெக்கவர்ன் தம் ஏற்புரையைத் தொடங்கும்போது விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது, நாடு தூங்கிக்கொண்டிருந்தது.

1960களில் மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்ததையும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதையும் ஈகிள்டன் ஜூலை 25 அன்று செய்தியாளர் சந்திப்பில் ஒப்புக்கொண்டார். அவரை ஆயிரம் சதவீதம் ஆதரிப்பதாக அறிவித்த மெக்கவர்ன், ஒரு வாரத்துக்குள் அவரை விலகச் சொன்னார். ஜூலை 31 அன்று ஈகிள்டன் விலகினார். கட்சியின் தேசியக் குழு சார்ஜென்ட் ஷ்ரைவரை மாற்று வேட்பாளராக நியமித்தது. நவம்பரில் மெக்கவர்ன் மாசசூசெட்ஸையும் தலைநகர் வாஷிங்டனையும் தவிர எல்லா இடங்களிலும் தோற்றார். அந்தத் தோல்விக்கு ஈகிள்டன் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது.

ஈகிள்டனின் நோயைக் குற்றமாகப் பார்ப்பதும் நியாயமாகாது. மிசௌரி மக்கள் அவரை அதன் பிறகு இருமுறை செனட்டுக்கு அனுப்பினார்கள். 1987 வரை அவர் அங்கே நல்ல பெயரோடு பணியாற்றினார். சிகிச்சை பெற்ற ஒருவர் அதைச் சொல்ல அஞ்சும்படி இருந்த காலமும், ஒரு நாளில் முடிக்கப்பட்ட தேர்வும்தான் அங்கே பிழை.

1976இல் ஜிம்மி கார்ட்டர் இந்தப் பாடத்தைப் பற்றிக்கொண்டார். வேட்புமனு முன்கூட்டியே உறுதியாகிவிட்டதால், பட்டியலில் இருந்த சிலரை ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸ் என்ற தம் சிற்றூருக்கே வரவழைத்து நீண்ட நேரம் பேசி, வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். இன்று 'வெட்டிங்' என்று செய்திகளில் அடிபடும் பின்புல ஆய்வு அப்போது வடிவம் பெற்றது. வழக்கறிஞர் குழு ஒன்று நீண்ட கேள்விப் பட்டியலை அனுப்புகிறது. பல ஆண்டு வருமான வரிக் கணக்குகள், சொத்து, கடன், மருத்துவக் குறிப்புகள், வழக்குகள், பழைய பேச்சுகள், வாக்களிப்பு வரலாறு எல்லாம் கேட்கப்படுகின்றன. 1984இல் ஃபெராரோவின் கணவருடைய தொழில் கணக்குகள் பற்றிய கேள்விகள் பல வாரம் பிரசாரத்தை முடக்கியதற்குப் பிறகு, வாழ்க்கைத் துணையின் நிதி விவகாரங்களும் கூர்ந்து பார்க்கப்படுகின்றன. இறுதியில் நேர்காணல். 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியதால், ஹாரிஸ் இந்த வேலை முழுவதையும் 16 நாளில் முடிக்க வேண்டியிருந்தது.

வாக்கு வருகிறதா?

சுருக்கமாகச் சொன்னால், எதிர்பார்க்கும் அளவுக்கு வருவதில்லை. 1988இல் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன், விவாதத்தில் எதிர்த்தரப்பின் டான் குவேலைத் திணறடித்தார். இருந்தும் டெக்சாஸே அவர் பக்கம் நிற்கவில்லை. 2004இல் ஜான் எட்வர்ட்ஸால் வட கரோலினாவையும், 2012இல் பால் ரயனால் விஸ்கான்சினையும் கொண்டுவர முடியவில்லை. மக்கள் அதிபர் வேட்பாளரைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள்.

2024இல் பென்சில்வேனியாவின் 19 தேர்வாளர்களுக்காக அதன் ஆளுநர் ஜாஷ் ஷபீரோவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று ஹாரிஸைக் குறைகூறுபவர்கள் உண்டு. அவர் தோற்றது பென்சில்வேனியாவில் மட்டுமல்ல, கடும் போட்டி நிலவிய ஏழு மாநிலங்களிலும் என்பதால், ஒரு மாநிலத்தவர் முடிவை மாற்றியிருப்பார் என்ற வாதம் நிற்காது. துணை வேட்பாளர் தேர்வு வாக்காளரிடம் வேறொரு வழியில் வேலை செய்கிறது: வேட்பாளரின் நிதானத்தை அது காட்டுகிறது. 2008 ஆகஸ்ட் 29 அன்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்கு 72 வயது நிறைந்தது. அதே நாளில் அவர், அலாஸ்கா ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட முடியாத சாரா பேலினை அறிவித்தார். முதலில் எழுந்த உற்சாகம், நேர்காணல்களில் பேலின் தடுமாறியதும் மெக்கெய்னின் முடிவெடுக்கும் திறன் பற்றிய கேள்வியாக மாறியது.

நாற்காலி காலியான இரு நாள்கள்

வாக்குக் கணக்கின் உண்மையான விலை தேர்தல் நாளில் தெரிவதில்லை. 1864இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆபிரகாம் லிங்கனின் துணை அதிபராக இருந்த மேய்ன் மாநிலத்து ஹானிபல் ஹாம்லின் கைவிடப்பட்டு, டென்னசியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சன் சேர்க்கப்பட்டார். ஜான்சன் எதிர்க்கட்சிக்காரர், ஆனால் தெற்கு பிரிந்து போனபோது ஒன்றியத்தின் பக்கம் நின்றவர். எல்லைப்புற மாநிலங்களின் வாக்குகளுக்கும், நாடு ஒன்றே என்ற செய்திக்கும் அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். வாக்குக் கணக்காக மட்டும் பார்த்தால் அது குறையற்ற தேர்வு.

லிங்கன் சுட்டுக் கொல்லப்பட, துணை அதிபரான 42ஆம் நாள் ஜான்சன் அதிபரானார். விடுதலை பெற்ற 40 லட்சம் கறுப்பின மக்களின் உரிமை என்ன என்பதே அன்று நாட்டின் முன் இருந்த முதல் கேள்வி. லிங்கனை அடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்தவர், அவர்களுக்குக் குடியுரிமைப் பாதுகாப்பு தரும் 1866ஆம் ஆண்டின் சட்டத்தை வீட்டோ செய்தார்; காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது. மோதல் முற்றி, 1868இல் பதவி நீக்க விசாரணையில் 35-க்கு 19 என்ற வாக்குக் கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைவால் அவர் தப்பினார். ஒரு தேர்தலின் சில மாத வசதிக்காகச் சேர்க்கப்பட்ட பெயர், அடிமை முறை ஒழிந்த பின்னான மிக முக்கியமான நான்கு ஆண்டுகளைத் தீர்மானித்துவிட்டது. இந்தத் தேர்வைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது இந்த ஒரு நிகழ்வைத்தான்.

இரண்டாவது நாள் 1945 ஏப்ரல் 12. துணை அதிபராகி 82 நாளே ஆன ஹாரி ட்ரூமன், மாலையில் செனட் அலுவல் முடிந்து சபாநாயகர் சாம் ரேபர்னின் அறைக்கு வந்தபோது, உடனே வெள்ளை மாளிகைக்கு வரும்படி அழைப்பு காத்திருந்தது. அங்கே மாடியில் எலினார் ரூஸ்வெல்ட், அதிபர் இறந்துவிட்டார் என்று சொன்னார். உங்களுக்கு நான் என்ன உதவி செய்யட்டும் என்று ட்ரூமன் கேட்க, இனிச் சிரமம் உங்களுக்குத்தான், நாங்கள் உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று அந்த அம்மையார் திருப்பிக் கேட்டார். இரவு 7 மணி தாண்டிச் சில நிமிடங்களில் ட்ரூமன் பதவியேற்றார். அணுகுண்டுத் திட்டம் பற்றிய முழு விவரமும் அவருக்குச் சொல்லப்பட்டது ஏப்ரல் 25 அன்றுதான்; அதைப் பயன்படுத்தும் முடிவு ஆகஸ்ட்டுக்குள் அவருடையதாயிற்று. ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசமாகி வந்ததை 1944 மாநாட்டின்போதே கட்சித் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். வாலஸை அவர்கள் அவ்வளவு தீவிரமாக எதிர்த்ததற்கு அதுவே காரணம். துணை வேட்பாளரை அல்ல, அடுத்த அதிபரையே தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து செய்த தேர்வு அது. ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு, அவரைத் தயார்படுத்த யாரும் முயலவில்லை. துணை அதிபருக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பிரிவில் அறை, ரகசியக் குறிப்புகள், அதிபரோடு வாரம் ஒரு மதிய உணவு என்ற ஏற்பாடெல்லாம் கார்ட்டர், மாண்டேல் காலத்தில்தான் வந்தது.

தேர்ந்தெடுக்கலாம், நீக்க முடியாது

துணை அதிபர் பதவியே காலியானால் என்ன செய்வது என்பதற்கு 1967 வரை விதி இல்லை. அதுவரை 16 முறை அந்த நாற்காலி அடுத்த தேர்தல் வரை வெறுமையாகக் கிடந்தது; கென்னடி கொல்லப்பட்ட பிறகு 14 மாதம் துணை அதிபரே இல்லை. 25ஆவது திருத்தம் அதை மாற்றியது: அதிபர் ஒருவரை முன்மொழிய, காங்கிரஸின் இரு சபைகளும் பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். 1973 அக்டோபரில் வரி ஏய்ப்பு வழக்கில் ஸ்பைரோ ஆக்னியூ விலகியதும், நிக்சன் ஜெரால்ட் ஃபோர்டை முன்மொழிந்தார். அடுத்த ஆகஸ்ட்டில் நிக்சனும் விலக, ஃபோர்ட் அதிபரானார்; அவர் நெல்சன் ராக்ஃபெல்லரைத் துணை அதிபராக்கினார். நாட்டின் முதல் இரு பதவிகளிலும் அந்தப் பதவிகளுக்கு மக்கள் வாக்களிக்காத இருவர் இருந்தார்கள். ஆனால் அவர்களை இரு சபைகளும் வாரக்கணக்கில் விசாரித்து ஏற்றன. தேர்தலின்போது ஒரு வேட்பாளர் தனியாகத் தேர்ந்தெடுக்கும் துணைக்கு அந்த அளவு வெளிப்படையான விசாரணைகூட இல்லை.

இதே திருத்தத்தின்படி அதிபர் தற்காலிகமாக அதிகாரத்தை மாற்றித் தரலாம். 2021 நவம்பர் 19 அன்று பைடன் மருத்துவப் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்ட 85 நிமிடம், அதிபரின் அதிகாரம் கமலா ஹாரிஸிடம் இருந்தது.

கடைசியாக, பெரும்பாலும் கவனத்துக்கு வராத ஒன்று. அதிபர் தம் வெளியுறவு அமைச்சரை ஒரே நாளில் நீக்கலாம். துணை அதிபரை நீக்க முடியாது. தேர்வாளர் குழு தனியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பதவி அது. காங்கிரஸ் மட்டுமே பதவி நீக்க விசாரணையால் அவரை அகற்றலாம். தேர்வு முழுவதும் வேட்பாளரின் கையில் இருக்கிறது. வெற்றி அறிவிக்கப்பட்ட பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் கையில் இல்லை. 2016இல் சமயப் பற்றாளர்களின் வாக்குகளுக்காகச் சேர்க்கப்பட்ட மைக் பென்ஸ், 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் சான்றுகளை ஏற்க மறுக்கும்படி டிரம்ப் கொடுத்த நெருக்கடிக்கு இணங்கவில்லை. அந்தச் சடங்கில் துணை அதிபருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் எதுவும் இல்லை என்று 2022இல் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி 6 அன்று அதே மேடையில் நின்ற கமலா ஹாரிஸ், டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று தம் தோல்வியின் எண்ணிக்கையைத் தாமே வாசித்தார். வான்ஸ் 312, வால்ஸ் 226 என்று துணை அதிபருக்கான எண்ணிக்கையும் அதே அமர்வில் தனியாக வாசிக்கப்பட்டது.